மூணு சிஸ்டத்துக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்: எக்ஸ்ஃபேட் போடலாமா?

அரசலாறு (கும்பகோணம்):
கல்யாண வீடியோ வேலை. எடிட்டிங் மேக்கில், ஆல்பம் டிசைன் விண்டோஸ் 11-ல், பேக்கப் உபுண்டு 24.04-ல். 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணுதான் மூணுக்கும் மாறி மாறிப் போகுது. இப்ப அதுல இருக்கிற ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்குல அடுக்கி வைக்கிற முறை) விண்டோஸோட என்டிஎஃப்எஸ், மேக் படிக்குது, எழுத விடல. ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, எங்க ஃபைல் 9 ஜிபி வரும். ஐப்பசி, கார்த்திகையில இங்க கரண்ட் போய்ப் போய் வரும், அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.

குடமுருட்டி:
எக்ஸ்ஃபேட்தாங்க. தனி மென்பொருள் இல்லாம மூணும் எழுதும்; லினக்ஸ் கெர்னல் (உபுண்டுவோட மையப் பகுதி) 5.7-லேர்ந்து நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கு. உபுண்டுல ஃபார்மேட், ரிப்பேர் பண்ண மட்டும் எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் (exfatprogs) தொகுப்பு வேணும். ஃபார்மேட்டை விண்டோஸ்லயே பண்ணிடுங்க. மேக்கில பண்ணினா டிஸ்க் யுட்டிலிட்டில 'எல்லா டிவைஸும் காட்டு'ன்னு வச்சு, பார்ட்டிஷனை விட்டுட்டு டிஸ்க்கையே தேர்ந்தெடுத்து, ஸ்கீம்ல ஜியூஐடி குடுக்கணும்.

கரண்ட் விஷயம்தான் இடிக்குது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 (லினக்ஸோட ஃபைல் சிஸ்டம்) ரெண்டும் செய்யப்போற மாற்றத்தை முதல்ல ஜர்னல்ங்கிற குறிப்பேட்டுல குறிச்சுக்கும். எக்ஸ்ஃபேட்ல ஜர்னலே கிடையாது. எழுதுற நடுவுல கரண்ட் போனா ஃபோல்டர் கணக்கு பாதியில நிக்கும். டெஸ்க்டாப்னா யூபிஎஸ் கட்டாயம். எஜெக்ட் பண்ணாம பிடுங்கின டிஸ்க்கை மறுபடி மேக்கில போட்டா சில நிமிஷம் ஒண்ணுமே தெரியாது. பின்னால செக்கிங் ஓடுது, அவசரப்பட்டுத் திரும்பப் பிடுங்காதீங்க.

வெண்ணாறு:
ஒரு திருத்தம். இந்த அளவு டிஸ்க்குக்கு விண்டோஸ் தானா எடுக்குற கிளஸ்டர் (ஃபைலுக்கு ஒதுக்குற மிகச் சின்ன இடம்) 128 கேபி. 4 கேபி தம்ப்நெயிலும் 128 கேபி இடம் பிடிக்கும். அப்படி ஒரு லட்சம் இருந்தா 12 ஜிபி வீண். மேக் ஃபைலுக்கு ஃபைல் போடுற '._'-ன்னு பேர் ஆரம்பிக்கிற குட்டி ஃபைலும் இதே கணக்குதான். வீடியோவுக்கு 128 சரி. எடிட்டிங் கேஷை (எடிட்டிங்ல உருவாகுற தற்காலிக ஃபைல்களை) மேக்கோட சொந்த எஸ்எஸ்டில வைங்க.

அரசலாறு:
சரி, மாத்திடுறேன். பேக்கப் எடுக்கும்போது உபுண்டுல சில ஃபைல் 'பேர் நீளம்'னு சொல்லி நின்னுடுது. அது ஏன்?

வெண்ணாறு:
எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ரெண்டும் பேருக்கு 255 குறியீடு குடுக்கும். உங்க உபுண்டு பேக்கப் போய்ச் சேருற எக்ஸ்ட்4-ல 255 பைட்தான். தமிழ்க் குறியீடு ஒண்ணுக்கு 3 பைட், ஆக 85 குறியீடு. 'கு', 'ம்' எல்லாம் ரெண்டு ரெண்டாக் கணக்கு. மாப்பிள்ளை, பொண்ணு, மண்டபம், தேதின்னு பத்திரிகை மாதிரி பேர் வச்சா இடிக்கத்தான் செய்யும். விவரத்தை ஃபோல்டர் பேருக்கும் ஃபைல் பேருக்கும் பிரிச்சு வைங்க. முகூர்த்த நேரத்தை 10:30-ன்னு போடாதீங்க, எக்ஸ்ஃபேட் அந்தக் குறியை ஏத்துக்காது, 10-30 போதும்.

குடமுருட்டி:
மூணும் ஒரே கடையில இருந்தா டிஸ்க்கைச் சுத்தவிடவே வேணாம். உபுண்டுல எக்ஸ்ட்4 டிஸ்க் வச்சு சம்பா (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற மென்பொருள்) மூலமா ஷேர் பண்ணுங்க. உள்ள என்ன ஃபைல் சிஸ்டம்னு மேக், விண்டோஸ் ரெண்டுக்கும் தெரியவே தேவையில்லை. ஜிகாபிட் கேபிள்ல நொடிக்கு 110 எம்பி வரைக்கும் வரும், வைஃபைல பண்ணாதீங்க. எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை மண்டபத்துக்கும் வீட்டுக்கும் எடுத்துப் போக மட்டும் வச்சுக்கலாம்.