"விடுபட்ட இணைப்பு" என்ற ஒரு சொல் போதுமா? விரைவுச்சாலைச் சந்திகளுக்கான கலைச்சொற்கள்

முதல் மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் குழு தொகுக்கும் போக்குவரத்துச் சொற்பட்டியலின் புதிய வரைவில், விரைவுச்சாலையிலிருந்து நகர மையத்துக்கு நேரே போக வழியில்லாத எல்லா நிலைமைகளுக்கும் "விடுபட்ட இணைப்பு" என்ற ஒரே சொல் இடப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது என்கிறோம். அழைப்பிதழில் மாமாவின் பெயர் விடுபட்டுவிட்டது என்று வருந்துகிறோம். யாரோ ஒருவர் கவனிக்கத் தவறினார் என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "காணாமற்போன இணைப்பு" என்று எழுதினால் இன்னும் சிக்கல், ஏனெனில் முன்பு இருந்த ஒன்றுதான் காணாமற்போக முடியும். நாம் பேசும் இணைப்புகளோ பெரும்பாலும் ஒருநாளும் இருந்தவை அல்ல. பல இடங்களில் வேண்டாம் என்று எண்ணித் தீர்மானித்தே கட்டாமல் விட்டவை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு மேற்கே நான் வசிக்கும் கேம்போர்னுக்கு அருகிலுள்ள நிலையைச் சொன்னால் தெளிவாகும். லண்டனிலிருந்து வடக்கே வரும் எம்11 விரைவுச்சாலை 1980இல் கேம்பிரிட்ஜ் வரை முடிக்கப்பட்டது. அது முடியும் இடம் கேர்ட்டன் என்னும் 14ஆம் சந்தி. மேற்கிலிருந்து வரும் ஏ428 சாலையும், கிழக்கு மேற்காக ஓடும் ஏ14 சாலையும் அங்கேதான் கூடுகின்றன. இத்தனை சாலைகள் கூடியும், ஏ428இல் வருபவர் எம்11இல் தெற்கே திரும்ப அங்கே தடம் கிடையாது. எம்11இல் வடக்கே வருபவர் ஏ428இல் ஏறவும் தடம் கிடையாது. இங்கு குடிவந்த புதிதில், ஜெர்மனியிலிருந்து வந்த அக்காவை அழைத்துவர தெற்கே எம்11ஐ ஒட்டியுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட நான், பெரிய சந்தியாயிற்றே, வழி இல்லாமலா போகும் என்று நம்பி நேரே போனேன். சாலை என்னை ஏ14இல் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹிஸ்டன் வரை போய்த்தான் திரும்ப முடிந்தது. அக்கா முக்கால் மணி நேரம் குளிரில் நின்றார்.

ஊர்க்காரர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்றால், கேர்ட்டனுக்கு முன்பே ஏ428ஐ விட்டு விலகி, அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தை இடப்பக்கம் கடந்து மேடிங்லிக் குன்றில் இறங்கி, 13ஆம் சந்தியில் எம்11இல் ஏறுகிறார்கள். காலை வேளையில் அந்தக் குன்றில் நகர மையத்துக்குப் போகிறவர்களும் லண்டனுக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 13ஆம் சந்தியும் பாதிச் சந்திதான். தெற்கிலிருந்து வருபவர் அங்கே இறங்கலாம், தெற்கே போகிறவர் ஏறலாம். வடக்கிலிருந்து எம்11இல் வருபவர் அங்கே இறங்க முடியாமல் 12ஆம் சந்தி வரை போய், பார்ட்டன் வீதி வழியாகத்தான் நகருக்குள் வர வேண்டும். 2020இல் ஏ14 பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டபோது கேர்ட்டனும் மாற்றியமைக்கப்பட்டது. ஆனால் ஏ428க்கும் எம்11க்கும் இடையிலான தடங்கள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. இதை "விடுபட்டது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதனுடன் கொழும்பை ஒப்பிடுங்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டபோது அது புறநகரான கொட்டாவையில் முடிந்தது. அங்கிருந்து நகர மையமான கோட்டைப் பகுதிக்குப் போக ஹைலெவல் வீதியில் மஹரகம, நுகேகொடை நெரிசலுக்குள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஊர்ந்தாக வேண்டும். விமான நிலையத்திலிருந்து வரும் கட்டுநாயக்க நெடுஞ்சாலை 2013இல் வந்தது. அதுவும் களனிப் பாலத்தடியில் நின்றது. இரண்டையும் இணைக்கும் வெளிச்சுற்று நெடுஞ்சாலை, கட்டுநாயக்க நெடுஞ்சாலையிலுள்ள கெரவலப்பிட்டி வரை முழுமையானது 2019இல்தான். ஆறு ஆண்டுகள், விமான நிலையத்திலிருந்து தெற்கிலுள்ள காலி நகருக்குப் போகிறவர் ஒரு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மற்றதைத் தேடிப் போனார். இங்கே குறை சந்தியில் இல்லை. சாலையே நகரை எட்டாமல் நின்றது.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். சாலைக்கும் நகருக்கும் நடுவே, அல்லது சாலைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு "இணைப்பிடைவெளி" என்பது என் முன்மொழிவு. சந்தியில் சில திசைகளுக்கு மட்டும் தடம் இல்லாத நிலைக்கு "குறைதிசைச் சந்தி" என்றும், எல்லாத் திசைக்கும் தடம் உள்ளதற்கு "நிறைதிசைச் சந்தி" என்றும் சொல்லலாம். பிரித்தானிய வரைபட நூல்கள் இத்தகைய சந்திகளுக்குத் தனி அட்டவணையே தருகின்றன. ஆனால் அவற்றின் தலைப்பை அப்படியே பெயர்த்துக் "கட்டுப்படுத்தப்பட்ட சந்தி" என்றால், காவல்துறை தடுப்பு வைத்து மூடிய இடம் என்றே நம்மவர் எண்ணுவர்.

சந்தியில் பிரிந்து ஏறும், இறங்கும் தடங்களுக்கு "கவர்வழி" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் வழி சூலம்போல் மூன்றாகப் பிரிவதைச் சொல்லும் இடத்தில் வரும் "கவர்க்கும்" (கிளையாகப் பிரியும்) என்ற வினையே அதன் வேர். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆயினும் இன்று அதைப் படிப்பவர் கவர்ச்சியைத்தான் நினைப்பார். "அணுகுசாலை" என்பதும் பொருந்தாது, தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோட்டுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. "ஏறுதடம்", "இறங்குதடம்" என்பவை யாரும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் சொற்கள்.

மறுமொழி

அன்புத் தம்பிக்கு, வணக்கம்.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பது ஆண்டுகள் வரைபடம் பார்த்தவன் என்ற முறையில் உங்கள் பிரிப்பை வரவேற்கிறேன். "ஏறுதடம்", "இறங்குதடம்" இரண்டையும் இன்றே பட்டியலில் ஏற்றிவிடலாம். "குறைதிசைச் சந்தி" என்பதில் வல்லினம் மிக வேண்டாமா, "குறைத்திசை" என்றல்லவா வரவேண்டும் என்று நேற்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். குறைப்பிரசவம் என்பதில் மிகுகிறது, உண்மைதான். ஆனால் குறைகுடம், நிறைகுடம் என்பவற்றில் மிகுவதில்லை. குறை என்பதை வினையாகக் கொண்டால் இது வினைத்தொகை, ஒற்று மிகாது. குடத்தின் வழியிலேயே திசையும் போகட்டும். நிறைதிசைக்கு எடுத்துக்காட்டாக 2008இல் திறந்த எங்கள் சென்னைக் கத்திப்பாராவைக் குறிக்கலாம். இலை வடிவில் சுற்றிவரும் அதன் தடங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

"இணைப்பிடைவெளி" எனக்கு உவப்பாக இல்லை. சேர்த்து எழுதினால் படிப்பவர் நாக்கு ஒருமுறை தடுக்கும். "இணைப்பு இடைவெளி" என்று பிரித்தே எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் மூன்றாவது ஒரு நிலையை விட்டுவிட்டீர்கள். கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றதை எந்தப் பெயரில் வைப்பது? மதுரவாயலிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் பணி நின்றது. 2022இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டும் வரை, மேலே ஒன்றையும் தாங்காத தூண்களைக் கூவத்தின் ஓரமாக நாங்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டு போனோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் நகரச் சுற்றுச்சாலையின் பாதியைக் கட்டி மீதியைக் கைவிட்டதில், காற்றில் முடியும் தடங்கள் நின்றுபோயின என்று படித்திருக்கிறேன். அதை இடைவெளி என்றால் அங்கே நிற்கும் கான்கிரீட்டை மறைத்ததாகும்.

இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கட்டி முடியாத கோபுரத்தை நம் மக்கள் மொட்டைக் கோபுரம் என்றார்கள். திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 1987இல் முடியும் வரை, பல தலைமுறைகளாக அந்தப் பெயரோடுதான் நின்றது. அடித்தளம் உண்டு, பணி நின்றது, மேலே எழும் வாய்ப்பும் உண்டு என்ற மூன்றையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. பாதியில் நின்ற தடத்தை "மொட்டைத்தடம்" என்போம்.

மறுமொழிக்கு மறுமொழி

ஐயா, வணக்கம்.

"மொட்டைத்தடம்" என்ற சொல்லை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்; படித்தவுடன் அந்தத் தூண்கள் கண்முன் வந்து நின்றன. யாழ்ப்பாணத்தில் நாங்களும் கையெழுத்தில்லாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்போம், ஆகவே குறைபட்டது என்ற பொருளோடு இந்தச் சொல் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் புழங்கும் என்று நம்புகிறேன். "இணைப்பு இடைவெளி" என்று பிரித்து எழுதவும் இசைகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குறைதிசைச் சந்தி என்று பட்டியலில் எழுதும் ஒவ்வோர் இடத்திலும், எந்தத் திசைக்கு ஏறுதடம் இல்லை, எந்தத் திசைக்கு இறங்குதடம் இல்லை என்பதை அடுத்த கட்டத்தில் குறிக்க இடம் விட வேண்டும். வண்டி ஓட்டுபவருக்குச் சந்தியின் வகையைவிட அதுதான் முதலில் தேவை. கேர்ட்டனுக்கும் 13ஆம் சந்திக்கும் உரிய வரிகளை இன்றிரவு நிரப்பி அனுப்புகிறேன். சென்னைக்கு உரியவற்றை நீங்கள் நிரப்பித் தந்தால், கொழும்பை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளலாம்.