ரொட்டியும் பந்தி நாற்காலியும்

‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறைத்தோழரின் மடிக்கணினியில் பார்த்தேன். நியூயார்க்கில் வாழும் நான்கு நண்பர்கள். ஒருவரிடமும் பாராட்டும்படியான குணம் கிடையாது. சிறுவன் ஒருவனின் பிறந்தநாள் விழாவில், சமையலறையில் சிறிதாகத் தீப்பிடித்ததும், நால்வரில் ஒருவனான ஜார்ஜ் குழந்தைகளையும் நடக்கவே தடுமாறும் மூதாட்டியையும் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடுகிறான். பிறகு, தான் தப்பி ஓடவில்லை, மற்றவர்களுக்கு வழிகாட்டவே முன்னால் சென்றதாகத் தீயணைப்பு வீரரிடம் விளக்கம் சொல்கிறானே, அங்கேதான் எனக்குச் சிரித்து வயிறு வலித்தது.

சென்ற ஆண்டு உறவினர் திருமணத்தில், சாப்பிடுகிறவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையை எட்டிப் பார்த்தபடி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் எழுந்ததும், எனக்கு முன்பே அங்கு காத்திருந்த பெரியவரைக் கவனிக்காததுபோல் உட்கார்ந்துவிட்டு, “குழந்தைக்குப் பசி, ஐயா” என்றேன். குழந்தையோ மண்டப வாசலில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். நால்வரில் இன்னொருவனான ஜெர்ரி, தெருவில் ஒரு கிழவியின் கையிலிருந்து ரொட்டியைப் பறித்துக்கொண்டு ஓடும் காட்சி சாம்பார் பரிமாறும்போது நினைவுக்கு வந்தது. இவர்களுடைய அயோக்கியத்தனம் நம்முடைய அளவிலேயே இருப்பதுதான் ஈர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கொலைகாரனைப் பார்த்து நான் இப்படிக் கூச்சப்பட்டதில்லை.

மறுமொழி

நான் இதை அம்மாவுடன் பார்த்தேன். மலிவான திருமண அழைப்பிதழ் உறைகளின் பசையை நக்கியதால் ஜார்ஜுக்கு நிச்சயிக்கப்பட்ட சூசன் இறந்துபோக, நால்வரும் சிறிது நேரம் விழித்துவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பியபோது, “இவர்களைக் கேட்பார் இல்லையா?” என்று அம்மா கொதித்தார். கட்டித்தழுவலும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது என்று, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் வகுத்த விதியை விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை. ஆனாலும் மறுநாள் மாலை அவரே தொலைக்காட்சியைப் போட்டார்.

1998 மே 14 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில், பாதிக்கப்பட்டவர்கள் வரிசையாகச் சாட்சி சொல்ல, நால்வருக்கும் ஓராண்டுச் சிறை கிடைக்கிறது. அம்மாவுக்குத் திருப்தி. எனக்கோ, சிரித்த நம்மையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றியதுபோல் இருந்தது. நல்லவேளையாக, சிறைக்குள்ளும் ஜெர்ரி திருந்தவில்லை. ஜார்ஜின் சட்டையில் இரண்டாவது பொத்தான் தவறான இடத்தில் இருப்பதாக, முதல் பகுதியில் பேசிய அதே பேச்சை மீண்டும் தொடங்குகிறான்.