இறால் குஞ்சு தின்னுது, ஆனால் வளருதில்லை

வட்டுவாகல் பிள்ளை:
நந்திக்கடல் களப்பில பிடிச்ச வெள்ளை இறால் குஞ்சுகளை வீட்டுச் சீமெந்துத் தொட்டியில விட்டு 3 கிழமை. விடிய, பின்னேரம், ராவு எண்டு தீன் போடுறன். தின்னுதுகள், வளருதில்லை. நேற்று விடிய 11 செத்துக் கிடந்தது. பக்கத்தில கண்ணாடி மாதிரி வெறுங்கோது. அழுகை வந்திட்டுது.

செம்மலை மாமா:
தண்ணி மாத்தேக்க என்னத்தை ஊத்துறனீங்கள்?

வட்டுவாகல் பிள்ளை:
கிழமைக்கு ஒருக்காக் கால்வாசியை இறைச்சுப்போட்டுக் கிணத்துத் தண்ணி மாமா. உப்பில்லாத நல்ல தண்ணி.

செம்மலை மாமா:
அதுதான் பிள்ளை. நான் புத்தளப் பக்கம் குஞ்சு பொரிக்கிற இடத்தில 9 வருசம் நிண்டனான். முதல் வருசம் இப்பிடியே ஒரு தொட்டி முழுக்கப் பறிகுடுத்தனான்.

பொரிச்ச குஞ்சு முதல் ஒண்டரை, ரெண்டு நாள் ஒண்டும் தின்னாது. தாய் முட்டையில வைச்சுவிட்ட கருவிலதான் உயிர் ஓடும். அது முடியப் பாசி தேடும். உங்கட குஞ்சுகள் அந்த வயசு தாண்டினதுகள், எண்டாலும் கையிருப்புக் குறைவு. தின்னுறது முதலில மூச்சுக்கும் நீச்சலுக்கும் போகும். பிறகு உப்புக்கு. மிஞ்சினால்தான் சதை.

இறால் ரத்தத்தின்ர செறிவு, லீற்றருக்கு 25 கிராம் அளவு உப்புள்ள தண்ணிக்குக் கிட்ட. நீங்கள் 30 இல தொடங்கியிருந்தால், மூண்டுதரம் மாத்தினாப் பிறகு 13க்குக் கீழ. உடம்புக்குள்ள தண்ணி புகும், உப்புக் கசியும். செவுள் ராப்பகலா உப்பை உள்ள இழுத்துக்கொண்டு நிக்கவேணும். உங்கட தீன் அங்கதான் போகுது.

கோது கழட்டேக்க இன்னும் மோசம். தீன் எடாது, மூச்சு மட்டும் கூடக் கேக்கும். விடியப்புறம் தொட்டியில ஒட்சிசன் ஆகக் குறைவு. ராவுத் தீன் மிஞ்சி அடியில அழுகினால் அதுவும் ஒட்சிசனைக் குடிக்கும். ராவுத் தீனை நிப்பாட்டுங்கோ, காத்து மோட்டர் ஒண்டு போடுங்கோ.

வெயிலில வத்தினதுக்கு மட்டும் கிணத்துத் தண்ணி. வத்தேக்க உப்புத் தொட்டியிலயே தங்கிடும். இறைச்சு மாத்தினால் களப்புத் தண்ணிதான்.

வட்டுவாகல் பிள்ளை:
பாலத்தடியில இருந்து நாலு கான் களப்புத் தண்ணி கொண்டுவந்திட்டன். முழுக்க ஊத்தவோ?

செம்மலை மாமா:
வேண்டாம் பிள்ளை, நாளுக்கு ஒரு கான். திடீரெண்டு உப்பு ஏறினால் அதைச் சமாளிக்கவும் அதுகள் செலவழிக்கவேணும். இண்டைக்குக் கோது கழட்டினதுகள் மெத்தெண்டு கிடக்கும். வலை போட்டு அள்ளிப் பாக்காதேங்கோ.