கோச்சி (ரயில்) ஓட முன்னம் பேஸ்மென்ட் காய வேணும்

ஸ்கார்பரோவிலிருந்து:

வீட்டு பேஸ்மென்டில மாதிரி ரயில் பாதை போட விருப்பம், எந்தத் தண்டவாளம் வாங்கலாம் எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, தண்டவாளத்தை இப்ப வாங்காதேங்கோ. நான் அவசரப்பட்டு வாங்கினனான்.

2017 இலையுதிர் காலத்தில மேசை அடிச்சு, யாழ்ப்பாண ரயில் பாதையில ஆனையிறவுப் பக்கத்துத் துண்டை ஒரு கரையால போட்டு முடிச்சன். அடுத்த பங்குனியில பனி உருகேக்க வடக்குச் சுவரின்ர அடியால தண்ணி வந்தது. அரை அங்குலம்தான். ஆனால் மேசைக்குக் கீழ வைச்சிருந்த பெட்டியெல்லாம் ஊறிப்போச்சு. ஈரம் கோடை முழுக்க அறையை விட்டுப் போகேல்லை. சட்டப் பலகைகள் முறுகி, தண்டவாளம் மூண்டு இடத்தில நெளிஞ்சுது. ஆவணி மாசம் எல்லாத்தையும் கழட்டினன். அதுக்குப் பிறகு ஒரு முழு வருசம் ஒரு ஆணிகூட அடிக்கேல்லை. அறையை மட்டும்தான் பார்த்தன்.

முதல் வேலை வீட்டுக்கு வெளியில. கூரைத் தண்ணி இறங்கிற குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதை ஆறடி தள்ளி விட்டன். மண்ணும் வீட்டுப் பக்கம் சரிஞ்சு கிடந்தது. சுவரிலிருந்து பத்தடிக்குள்ள ஆறு அங்குலம் இறங்கிற மாதிரி மண் போட்டு உயர்த்தினன். உள்ளுக்குத் தண்ணி தடுக்கிற பெயின்ற் அடிச்சால் போதும் எண்டு கடையில சொன்னவை. வெளியில தண்ணி நிண்டால் அந்தப் பெயின்ற் ரெண்டு மாரிக்குள்ள உரிஞ்சு விழும். சுவரில வெள்ளையாப் பூத்திருக்கிற தூளைக் கவனியுங்கோ. அது தண்ணி விட்டுப்போன உப்பு. எந்த உயரம் வரை ஈரம் ஏறினது எண்டு அதுவே காட்டும்.

பிறகு தரை. ரெண்டடிச் சதுரத்தில தெளிவான பொலித்தீன் வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பார்த்தன். அடிப்பக்கம் துளி கட்டினால் ஈரம் கொங்கிரீட்டுக்குள்ளால வருது. மேல்பக்கம் கட்டினால் அறைக் காற்றிலதான் ஈரம். எனக்கு வடக்கு மூலையில அடிப்பக்கம், மற்ற எல்லா இடத்திலயும் மேல்பக்கம். மூலையில இருந்த வெடிப்பை ஆள் பிடிச்சு அடைச்சன். காற்றுக்கு ஈரமுறிஞ்சி மெசின் ஒண்டு வாங்கி, அதின்ர குழாயைத் தரை வடிகாலுக்கு விட்டன். வாளி வைச்சால் விடுமுறைக்குப் போன கிழமை நிரம்பி, மெசின் தானா நிண்டுபோகும். கோடையில 45க்கும் 50 வீதத்துக்கும் இடையில ஈரப்பதம் நிண்டால் பலகைக்கு நல்லம். மாரியில ஹீற்றர் ஓடேக்க 30க்குக் கீழ போகும், பலகை சுருங்கும். அதுதான் நாலு பருவத்தையும் பார்க்கச் சொல்லுறன். நெளியிறது தண்டவாளம் எண்டு நினைக்கிறம். உண்மையில அசையிறது அடியில இருக்கிற மரம்.

2013 யூலை 8 ரொறன்ரோ மழையை மறந்திருக்க மாட்டியள். பியர்சன் விமான நிலையத்தில மட்டும் 126 மில்லிமீற்றர். அந்த முறை எங்கட தெருவில கனபேருக்குத் தண்ணி வந்தது தெருச் சாக்கடைக் குழாயால. அதுக்குப் பின்னோட்டத் தடுப்பு வால்வு வேணும். நகரசபை மானியம் குடுக்குது, கேட்டுப் பாருங்கோ.

அறை காயக் காயத்தான் திட்டம் போட்டன். HO எண்ட மாதிரி ரயில் அளவெண்டால் உண்மையான ரயிலின்ர 87இல ஒரு பங்கு. என்ர அறை நீளம் 28 அடி. 87ஆல பெருக்கினால் 2,436 அடி, முக்கால் கிலோமீற்றர்கூட இல்லை. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் போட வேணும் எண்ட கனவு அந்த ஒரு கணக்கில சுருங்கிச்சு. சாவகச்சேரி ஸ்டேசனும் ஆனையிறவு வெளியும் போதும் எண்டு முடிவெடுத்தன். சாவகச்சேரியில எங்கட மாமி வீடு ஸ்டேசனுக்குப் பக்கத்தில. 1990இல பாதை நிக்கிற வரைக்கும் யாழ்தேவி ரயிலின்ர சத்தத்திலதான் அந்த வீட்டில விடியும்.

பிளானைத் தரையில உண்மை அளவில டேப்பால ஒட்டினன். நடைபாதைக்கு 30 அங்குலம் விட்டிருந்தன். மனுசி உடுப்புக் கூடையோட வோஷிங் மெசினுக்குப் போய்வந்து, ரெண்டு இடத்தில கூடை மேசைக் கோட்டைத் தாண்டுது எண்டு காட்டினா. 36 ஆக்கினன். மின்பலகைக்கு முன்னால ஒரு மீற்றர் வெறுமையா விட்டன், இங்கத்தைச் சட்டமும் அதுதான். பிரதான தண்ணி வால்வுக்கு முன்னால வாற துண்டைக் கழட்டி எடுக்கிற மாதிரிச் செய்தன். கூரைப் பெயின்ற், லைற், நீலச் சுவர் எல்லாம் மேசைக்கு முதல். மேசை வந்த பிறகு ஏணி வைக்க இடமிராது.

மிச்சிகனிலிருந்து:

அண்ணா, எனக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, உயரம்தான். நான் போடுவது ஊட்டி மலை ரயில். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரப் பாதை, ஏற்றம் 12 அடிக்கு ஏறக்குறைய ஒரு அடி. சாதாரண மாதிரிப் பாதைக்கு 100க்கு 2 ஏற்றம் என்று எல்லோரும் சொல்வதால், மேலே பார்க்கவே தோன்றவில்லை. 20 அடிச் சுவரில் என் பாதை 20 அங்குலம் ஏறுகிறது. 42 அங்குலத்தில் கிளம்பினால் குன்னூர் 62 அங்குலத்தில் நிற்கும். அதற்கு மேல் மலையும் மரமும் வேண்டுமே! குன்னூர் வரவேண்டிய மூலையில்தான் ஹீட்டர் காற்றுக்குழாய் தரையிலிருந்து 74 அங்குலத்தில் ஓடுகிறது. மலைக்கு மிச்சம் ஓரடி. கடைசியில் பிளானை முழுக்கத் திருப்பி, குன்னூரை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அறையை அளக்கும்போது குழாய், உத்தரம், ஜன்னல் எல்லாவற்றின் உயரத்தையும் குறித்துவிடுங்கள். ஃபர்னஸ் ஃபில்டரை வெளியே இழுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் சேர்த்து.

மார்க்கம் நகரிலிருந்து:

ரேடனை ஒருத்தரும் சொல்லேல்லையே. மண்ணிலிருந்து வாற வாயு, மணமில்லை, நிறமில்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம். கனடாவின்ர வழிகாட்டல் ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு). மாரியில மூண்டு மாசம் அளக்கிற சின்னக் கருவி வைச்சுப் பார்த்தன், எங்களுக்கு அதைவிடக் கூட. தரையைத் துளைச்சு, குழாயும் விசிறியும் பூட்டித்தான் குறைஞ்சுது. அந்தக் குழாய் என்ர மாதிரிப் பாதையில ரயில் பெட்டிகளை நிறுத்திற யார்ட் வாற இடத்துக்கு நடுவால போகுது. நல்லகாலம், மேசை அடிக்க முதலே தெரிஞ்சுது. பின்னேரம் முழுக்கக் கீழ இருக்கப் போறம், கட்டாயம் அளவுங்கோ.

ஸ்கார்பரோவிலிருந்து:

ரேடனைப் பற்றித் தங்கச்சி சொன்னது சரி. நானும் அந்த வருசம் அளந்திருக்க வேணும். இந்த மாரிக்கு வைக்கிறன்.

அகலம் சரிவருமோ எண்டு தனியாக் கேட்டவருக்கு: HO பாதையில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இலங்கையின்ர 1,676 மில்லிமீற்றர் பாதையை 87ஆல பிரிச்சால் 19.3 வரும். கொஞ்சம் ஒடுக்கமாத்தான் தெரியும். நான் அதை ஏற்றுக்கொண்டன். என்ர எஞ்சின் M2 எண்ட இலங்கை டீசல் எஞ்சின்ர மாதிரி. கொழும்புத் திட்டம் எண்ட வெளிநாட்டு உதவித் திட்டத்தில கனடா 1954இல குடுத்தது, செய்தது இங்க ஒன்ராறியோ லண்டனில. முதலாவதுக்குப் பெயரே ஒன்ராறியோ. அந்த லண்டன் என்ர வீட்டிலிருந்து 401 நெடுஞ்சாலையால ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த எஞ்சினைச் சாவகச்சேரி பிளாற்போமில நிறுத்திப்போட்டு, பின்னுக்கிருக்கிற ஈரமானியைப் பார்த்தன். 47.