பணக்கார நாடுகள் சுரண்டுதா? கிரானைட், கெர்கின், மாங்கூழ் கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோட்டான்:
தருமபுரியில கல்லூரிப் பட்டிமன்றம். ஏழை நாடுகளோட வளத்தையும் உழைப்பையும் பணக்கார நாடுகள் சுரண்டுதுங்கற அணியில நான். காங்கோ கோபால்ட் சுரங்கம், வங்கதேசத்துல இடிஞ்சு விழுந்த ரானா பிளாசா தையல் ஆலைக் கட்டடம் எல்லாம் எல்லாரும் சொல்லிடுவாங்க. நம்ம மாவட்டத்துச் சரக்கை வெச்சே பேச முடியுமா? பணம் எந்த இடத்துல கை மாறுதுன்னு விவரம் வேணும்.

குவாரிக்கணக்கு:
கிரானைட் சொல்றேன். குவாரியில சதுரமா வெட்டி எடுக்கற கல்லுதான் பிளாக், ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். 2 சென்டிமீட்டர் ஸ்லாபா அறுத்தா, பிளேடு தின்னதும் ஓர உடைசலும் போக 35 சதுர மீட்டர், அதாவது சுமார் 375 சதுர அடி தேறும். பிளாக்குக்கு விலை கன மீட்டர்ல. அறுத்து, பாலிஷ் போட்டு, சமையல் மேடையாப் பொருத்துற வரைக்கும் விலை சதுர அடியில ஏறிக்கிட்டே போகும். பிளாக்காவே சீனாவோட ஷியாமென்னுக்கோ இத்தாலிக்கோ கப்பல் ஏறிட்டா அந்த ஏற்றம் முழுக்க அங்க. இங்க மிச்சம் பள்ளமும் கழிவு மேடும். வெட்டின பாறையில மூணுல ஒரு பங்குகூட பல குவாரியில பிளாக்காத் தேறாது. முடி மாதிரி விரிசல் ஒண்ணு, நிறத்திட்டு ஒண்ணு போதும், மொத்தக் கல்லும் கழிவு.

அளவையும் பாருங்க. வாங்குறவர் நீளம், அகலம், உயரம் மூணுலயும் கொஞ்சம் குறைச்சுத்தான் அளப்பார். 300 × 180 × 150 சென்டிமீட்டர்னா 8.1 கன மீட்டர். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் தள்ளினா 6.9தான் பில்லுல வரும். தண்ணி விடாம உலர் துளை போடுறவங்க நெஞ்சுல இறங்குற சிலிக்கா தூசிக்கு எந்த பில்லும் கிடையாது.

ஆனா ஒண்ணு. குவாரியைக் குத்தகைக்கு விடுறதும், எடுக்கற கல்லுக்கு சீனியரேஜ்னு கட்டணம் வாங்குறதும் நம்ம மாநில அரசு. அரசோட கனிம நிறுவனம் டாமின் 1978லயே வந்தாச்சு. எதிரணி இதை எடுத்தா என்ன சொல்வீங்கன்னு யோசிச்சு வெச்சுக்கோங்க.

ராயக்கோட்டை தோட்டம்:
தம்பி, கெர்கினைப் பிடிங்க, ஊறுகாய் போடுற குட்டி வெள்ளரி. உள்ளூர்ச் சந்தையில அதை வாங்க ஆளே கிடையாது, ஒப்பந்தக் கம்பெனியை விட்டா மாட்டுக்குத்தான் போடணும். விதை, உரம், மருந்து கம்பெனி கடனாக் கொடுக்கும், காய்ப் பணத்துல பிடிச்சுக்கும். விதைச்சு அஞ்சாறு வாரத்துல பறிப்பு, மூணு மாசத்துல பயிரே முடிஞ்சுடும்.

கிரேடு எண்ணிக்கைக் கணக்கு. கிலோவுக்கு 160 காய்க்கு மேல நின்னா உச்ச விலை. 100, 60, 30னு இறங்க இறங்க விலையும் இறங்கும். சுண்டுவிரல் தண்டி இருக்கிற காய் ஒரே ராத்திரியில அடுத்த கிரேடுக்குப் பருத்துடும். மாரியம்மன் பண்டிகைன்னு ஒரு நாள் ஆள் வரலேன்னா எடை கூடும், பணம் குறையும். சின்னக் காய்க்கு விலை அதிகம்தான், ஆனா ஒரு கிலோவுக்கு 160 தடவை கை போகணும். அது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க கை, கூலின்னு நோட்டுல ஏறாது.

மருந்து மிச்சம் அடுத்தது. தனி வரம்பு சொல்லாத மருந்துக்கு ஐரோப்பாவுல பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பக்கத்துத் தக்காளிக்கு அடிச்சது காத்துல வந்தாலே தாண்டலாம். சாப்பிடறவங்க பாதுகாப்புக்கான விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம்னு திருப்பின காயோட நஷ்டம் யார் தலையிலங்கறதைக் கேளுங்க. ஒப்பந்தத்துல மூணு வரி பார்க்கணும்: எடையும் கிரேடும் வயல்லயா ஆலையிலயா, பணம் எத்தனை நாள்ல, பயிர் போனா விதைக்கடன் என்ன ஆகும். தமிழ்நாட்டுல ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் 2019ல வந்துச்சு, கையெழுத்துக்கு முன்னாடி அதைப் படிக்கிறவங்க குறைச்சல்.

எதிர்க்கட்சி:
நான் மறுபக்கம் பேசறேன். குவாரியிலயும் ஓசூர் ஆலைகள்லயும் ஒடிசா, பீகார் ஆளுங்க தகரக் கொட்டகையில தங்கி வேலை செய்யறாங்க. அவங்களைச் சுரண்டறது யாரு, ஜெர்மனிக்காரனா?

பணக்கார நாடுங்க மூலப்பொருளை வரியில்லாம விட்டுட்டு, பதப்படுத்தினதுக்கு வரி போடுதுங்கற சுங்க வரி வாதமும் பாதிதான் நிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துல பச்சைக் காப்பிக்கொட்டைக்கு வரி இல்ல, வறுத்ததுக்கு 7.5 சதவீதம். சரி, அநியாயம்தான். ஆனா மிக ஏழை நாடுகளுக்கு 2001லேர்ந்து அந்த வரியும் இல்லையே, எத்தியோப்பியா ஏன் இன்னும் பெரும்பாலும் பச்சைக் கொட்டையாவே அனுப்புது? முதலீடு, பிராண்டு, வறுத்த கொட்டை சீக்கிரம் வாசம் போறது எல்லாம் சேர்ந்த சிக்கல்.

உங்களுக்கு உதவற உதாரணமும் ஒண்ணு தரேன். இந்தோனேசியா 2020ல நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை பண்ணி, தாதுவை உருக்கற ஆலைங்களை உள்ள வர வெச்சது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புல வழக்குப் போட்டு 2022ல ஜெயிச்சது, இந்தோனேசியா மேல்முறையீடு பண்ணிடுச்சு. ஏழை நாடு ஏணியில ஏறினா வழக்குன்னு நீங்க அடிக்கலாம். அந்த ஆலைங்கள்ல பெரும்பகுதி சீனப் பணம், நிலக்கரியில ஓடுதுன்னு நான் திருப்பி அடிப்பேன்.

பாலக்கோட்டான்:
நன்றிங்க. மாங்கூழ் விட்டுப்போச்சே?

குவாரிக்கணக்கு:
ஏற்றுமதி டிரம் 215 கிலோ. பெங்களூரா ரக மாம்பழம் ரெண்டு கிலோவுக்கு ஒரு கிலோ கூழ், அப்ப டிரம்முக்கு 430 கிலோ பழம். 2025ல கிலோ அஞ்சு ரூபாய்க்கு இறங்கினப்ப விவசாயிக்கு டிரம்முக்கு 2,150 ரூபாய், பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் அதுலயேதான். ஆனா பட்டிமன்றத்துல இதை எடுக்காதீங்க. கூழ்ல நிறைய நம்ம நாட்டுலயே விக்கிற ஜூஸுக்குத்தான் போகுது, எதிர்க்கட்சி விடமாட்டார்.