குறுக்குக் குறிப்பா, மாட்டேறா?

நண்பர்களே,
சி என்னும் கணினி நிரல் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தை (அதன் விதிநூலை) மாணவர்களுக்காகத் தமிழில் விளக்கி எழுதுகிறேன். செயற்கூற்றை (function) அழைப்பது பற்றிய 6.5.2.2ஆம் பிரிவிலிருந்து, முழு எண் உயர்வைச் (சிறிய முழு எண் வகை மதிப்பைப் பொதுவாக int வகைக்கு உயர்த்துவதை) சொல்லும் 6.3.1.1க்கு வழிகாட்ட வேண்டும். இப்படி வேறு பிரிவைப் பார்க்கச் சொல்வதற்குக் (cross-reference) 'குறுக்குக் குறிப்பு' என்று போட்டேன். எதற்குக் குறுக்கே என்கிறார்கள் மாணவர்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

> எதற்குக் குறுக்கே

நியாயமான கேள்வி, அம்மா. கையில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு? நூல் எழுத நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் 'மாட்டெறிந்து ஒழுகல்' ஒன்று, சுருக்கமாக மாட்டேறு: ஓரிடத்தில் சொன்ன விதியை இன்னோரிடத்துக்கும் பொருத்துவது. 'வேற்றுமைக் கண்ணும் அதனோ ரற்றே' என்று தொல்காப்பியர் மேலே சொன்ன விதியை ஒரே அடியில் இங்கும் ஏற்றிவிடுகிறார். அதே நன்னூல் பட்டியலில் 'உரைத்தும் என்றல்' (பின்னால் சொல்வோம் என்பது), 'உரைத்தாம் என்றல்' (முன்பே சொன்னோம் என்பது) இரண்டும் உண்டு. சி தரத்தில் பல பிரிவுகளின் முடிவில் இனி வரும் பிரிவுகளைக் குறித்துவைக்கிறார்களே, அது அச்சு அசலாக உரைத்தும் என்றல்! செய்யுளியலில் வரும் 'மாட்டு' பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

> மாட்டேறு

ஐயா, வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் வாடிவாசலுக்குப் போய்விடுவார்கள். 'இடஞ்சுட்டு' போதாதா?

> இடஞ்சுட்டு

வேண்டவே வேண்டாம். பாயின்டரும் சுட்டி, சிலருக்கு மவுஸும் சுட்டி. மூன்றாவது சுமையை அந்தச் சொல் தாங்காது.

இன்னொன்று. நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல் தேடுகிறோம். முன்வடிவம் (என்னென்ன வகை மதிப்புகளை ஏற்கும் என்ற முன்னறிவிப்பு, prototype) இல்லாத செயற்கூற்றுக்குச் 'சார்' (char, எழுத்து) வகை மதிப்பை அனுப்பினால் அது முழு எண் உயர்வு பெறும் என்கிறது 6.5.2.2. அந்த உயர்வு என்னவென்று 6.3.1.1 சொல்லாவிட்டால் விதி பாதியில் நிற்கும். இது மாட்டேறு. பிரிவின் கடைசியில் வரும் பட்டியலோ வெறும் கைகாட்டி மரம். வெட்டிப் போட்டாலும் மொழி மாறாது.

> இரண்டு வேறு பொருள்கள்

ஆக, ஒரு சொல் கேட்டு வந்தவருக்கு இப்போது இரண்டு சொல் தேவை. வாழ்க!

நண்பர்களே, நன்றி. ஐந்து பேர் பழைய சொல்லே இருக்கட்டும் என்று தனி மடல் எழுதிவிட்டார்கள். பிரிவுகளுக்குள் '6.3.1.1 காண்க' என்று மட்டும் வரும். முன்னுரையில் 'குறுக்கு குறிப்பு'. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

> குறுக்கு குறிப்பு

அம்மா, மாட்டேற்றை நான் விடுவதாக இல்லை. அது இருக்கட்டும், நடுவில் இருந்த ஒற்று எங்கே?