பழைய சிட்டியில் ஐ20 அலாய் வீல்: 75-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, உதவி தேவை

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் இருக்கிறேன். என்னுடையது 2006ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. அப்பா வாங்கி ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு விற்க மனம் வரவில்லை. சென்ற மாதம் சித்தப்பா மகன் தன் ஹூண்டாய் எலீட் ஐ20-ஐ விற்றான். அதில் வெளியில் வாங்கி மாட்டியிருந்த 15 அங்குல அலாய் வீல்கள் நான்கையும் டயரோடு எனக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனி வீல்களையும் நட்டுகளையும் வண்டியோடு அனுப்பிவிட்டான். இரண்டு வண்டிக்கும் நான்கு நட் துளை, அவை அமைந்த வட்டம் 100 மி.மீ. ஆகவே ஒரு டயர் கடையில் கொடுத்து மாட்டினேன். சிட்டியின் பழைய நட்டுகளே சரியாக ஏறின.

அன்று மாலையே திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் சோதித்தேன். 75-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 90-க்கு மேல் சற்றுத் தணிகிறது. பேலன்சிங் இரண்டு முறை பார்த்தாயிற்று, இயந்திரம் நான்கு வீலுக்கும் பூஜ்யம்தான் காட்டுகிறது. அலைன்மென்ட்டும் செய்தேன். நடுக்கம் அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தால் மட்கார்டின் உள்பக்கம் டயர் உரசுகிறது.

புதிய வீல் 15×6.5, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 38 மி.மீ., டயர் 195/60 ஆர்15. பழையது 14×5.5, ஆஃப்செட் 45, டயர் 175/65 ஆர்14. மனைவியும் குழந்தையும் ஏறும் வண்டி. பழைய வீலையே திரும்ப மாட்டிவிடுவதா, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

நாற்கரச்சாலை:

இருபது வயதான வண்டி. சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். கனமான வீல் ஏறியதும் அது வெளியே தெரிகிறது. உரசலுக்கு வீலுக்குப் பின்னால் 5 மி.மீ. ஸ்பேசர் தகடு போட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:

புஷ் எல்லாம் சென்ற ஆண்டுதான் மாற்றினேன். பழைய வீலில் 100-இல் போனாலும் ஒரு நடுக்கமும் கிடையாது.

பட்டறைமாமா:

தம்பி, முதலில் ஒன்று: இந்தப் பதிலைப் படித்துச் சோதித்து முடிக்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அவசரம் என்றால் பழைய வீலை மாட்டிக்கொண்டு போங்கள். ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். உங்கள் வீல் ஏற்கெனவே பழையதைவிட 20 மி.மீ. அளவுக்கு வெளியே தள்ளி நிற்கிறது. ஸ்பேசர் அதை இன்னும் தள்ளுவதோடு, நட் பிடிக்கும் மரையாணியான ஸ்டட்டின் நீளத்தையும் தின்றுவிடும்.

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது "பழைய நட்டுகளே சரியாக ஏறின" என்ற வரி. ஏறத்தான் செய்யும். ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் ஸ்டட் மரை ஒன்றுதான், தடிமன் 12 மி.மீ., புரிக்குப் புரி இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் நட்டின் அடிப்பகுதி வேறு. ஒரு நட்டைக் கழற்றி விரலில் செருகிப் பாருங்கள். ஹோண்டா கம்பெனி நட்டின் வாய்ப்பக்கம் கோலிக்குண்டை வெட்டி வைத்ததுபோல் உருண்டு இருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் நட் உட்காரும் குழி புனல்போல் நேர்ச்சரிவாக இருக்கும். அதற்கு 60 டிகிரி கூம்பு நட்தான் வேண்டும். உருண்டை நட்டைப் புனலில் வைத்து முறுக்கினால் அது முழுப்பரப்பில் அமராது, ஒரு மெல்லிய வளையக்கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கைக்கு இறுகியது போலத் தெரியும். ஓட ஓடத் தளரும். அதனால்தான் வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன்.

அடுத்தது நடுத்துளை. வீல் நடுவில் செருகி உட்காரும் ஹப் உங்கள் சிட்டியில் 56.1 மி.மீ., ஐ20-இல் 54.1. வெளி வீல்கள் பல வண்டிகளுக்கும் ஆக வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே விட்டு, வண்டிக்கேற்ற வளையம் ஒன்றை உள்ளே வைப்பார்கள். ஐ20-க்கான வளையம் உங்கள் ஹப்பில் ஏறவே ஏறாது. கடைக்காரர் அதை என்ன செய்தார் என்று கேளுங்கள்.

வைகைக்கரை:

மாமா, கேட்கவே வேண்டியிருக்கவில்லை. டிக்கியில் ஒரு பாலித்தீன் பையில் நான்கு கறுப்பு பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன. "67.1 – 54.1" என்று பொறித்திருக்கிறது.

முன் இடது வீலைக் கழற்றினேன். முதல் நட் வீல் ஸ்பானரை லேசாகப் பிடித்ததுமே சுழன்று வந்துவிட்டது. கைகால் நடுங்கிவிட்டது. நட் நீங்கள் சொன்னது போலவே உருண்டைதான். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், சரிவின் நடுவே நூல் அளவுக்குப் பளபளவென்று ஒரு வளையம். அதன் கீழே சாம்பல் நிறத்தில் அலுமினியத் தூள். நகத்தால் தடவினேன், பள்ளம் எதுவும் மாட்டவில்லை. பழைய வீல்களை மாட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வளையம் இல்லாமல் வீல் நடுவில் நிற்கவில்லை என்றால், பேலன்சிங் இயந்திரம் ஏன் காட்டவில்லை?

பட்டறைமாமா:

பள்ளம் விழாதது நல்லது. விழுந்திருந்தால் அந்த வீலை ஒதுக்கச் சொல்லியிருப்பேன்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது ஒரு கூம்பைச் செருகி வீலை நடுத்துளையால் பிடிக்கிறது. அந்த மையத்தில் சுற்றும்போது எடை சமமாகத்தான் இருக்கிறது. உங்கள் வண்டியிலோ 67.1 துளைக்குள் 56.1 ஹப், சுற்றிலும் ஐந்தரை மி.மீ. வெற்றிடம். அங்கே வீலை மையத்தில் நிறுத்த இருந்தது நட் மட்டும்தான். நட்டும் தவறானது என்பதால் வீல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று இறுகியிருக்கிறது. இன்னும் பத்து முறை பேலன்ஸ் செய்தாலும் பூஜ்யமே வரும், நடுக்கமும் வரும்.

நாற்கரச்சாலை:

அப்படியானால் வளையம்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறதா? பிளாஸ்டிக்கை நம்பலாமா?

பட்டறைமாமா:

நல்ல கேள்வி. எடையைத் தாங்குவது வளையம் அல்ல. நட்டின் இறுக்கத்தால் வீலின் முதுகும் ஹப்பின் முகமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றனவே, அந்த உராய்வுதான் தாங்குகிறது. நட்டை முறுக்கும் நேரத்தில் வீலை மையத்தில் வைத்திருப்பதே வளையத்தின் வேலை. ஆகவே பிளாஸ்டிக் போதும். மதுரையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, அலுமினியத்தில் கடைந்தும் வாங்கலாம். ஆனால் அது ஹப்போடு துருவால் ஒட்டிக்கொள்ளும், லேசாகக் கிரீஸ் தடவ வேண்டும்.

தம்பி, வாங்க வேண்டியது: 67.1 – 56.1 வளையம் நான்கு, 12×1.5 கூம்பு நட் பதினாறு. மாட்டும் முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நட்டைக் கையால் சுற்றும்போது எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். எட்டுச் சுற்றாவது வேண்டும். எட்டுக்கு 12 மி.மீ., அதாவது ஸ்டட்டின் தடிமன் அளவுக்குப் பிடி. வீல் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதே குறுக்கு வரிசையில் இறுக்கி, இறக்கிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடிக்க விடாதீர்கள்.

உரசலுக்குக் காரணம் டயர். 175/65 ஆர்14-இன் விட்டம் 583 மி.மீ.; இப்போது இருக்கும் 195/60 ஆர்15 615 மி.மீ. ஐந்தரை சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்பைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். 185/55 ஆர்15 போட்டால் விட்டம் 584.5, ஏறக்குறைய பழைய அளவே. 82 என்ற சுமை எண்ணோடு கிடைக்கும். அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். செலவுதான், ஆனால் இதில் சமாளிப்பு கூடாது.

வைகைக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வளையமும் நட்டும் வாங்கி, 185/55 டயர்களும் போட்டாயிற்று. வளையம் ஹப்பில் ஏறும்போது உள்ளங்கையால் ஒரு தள்ளு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கத்தைப் பார்த்ததும்தான் மனம் ஆறியது. நட் ஒன்பதரைச் சுற்று ஏறியது. கொடைரோடு வரை போய் வந்தேன். 80, 90, 100 எதிலும் நடுக்கம் இல்லை. முழு ஒடிப்பிலும் உரசவில்லை.

195 டயரில் மீட்டர் 80 காட்டும்போது செல்பேசி ஜிபிஎஸ்ஸில் வேகம் 82 வந்தது. இப்போது 78.

பட்டறைமாமா:

மகிழ்ச்சி. பழைய உருண்டை நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான்; அதற்குக் கூம்பு நட் சேராது. நான்கை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு வையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை மீண்டும் முறுக்கிப் பாருங்கள்.

வைகைக்கரை:

நட்டுகளை ஜாக்கிப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன், மாமா. இன்று காலை 110 கிலோமீட்டர் முடிந்திருந்தது. பதினாறையும் சரிபார்த்தேன். பின் வலது வீலில் ஒரே ஒரு நட் அரைக்கால் சுற்றுத் திரும்பியது, மற்றவை அசையவில்லை. அடுத்த வாரம் மறுபடி பார்க்கிறேன்.